ரெப்ளிகா ரிவால்வருக்கு ஃபினிஷிங் செய்யக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் கருமருந்து (பழைய காலத்துக் கரிய வெடிமருந்து) ரிவால்வர் வைத்துச் சுடும் தமிழர்கள் அதிகம் பேர் இல்லை. இருக்கும் சிலராவது என்னைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். (ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். அங்கே கருமருந்துத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்.)

என்னிடம் இருப்பது கோல்ட் நிறுவனத்தின் பழைய 1851 நேவி ரிவால்வருக்கு இத்தாலிய உபெர்ட்டி நிறுவனம் செய்த நகல், .36 காலிபர் (குழல் அளவு). சுடுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தோற்றம்தான் அசலைப் போல இல்லை. அசலில் பேரலும் (குழல்) சிலிண்டரும் (மருந்தும் குண்டும் போடும் சுழல் உருளை) ஆழ்ந்த நீலம். ஃபிரேமிலும் (நடுச் சட்டம்) ஹேமரிலும் (அடிக்கும் சுத்தி) கேஸ் ஹார்டனிங்கால் (எஃகின் மேல்தோலைக் கடினமாக்கும் முறை) வரும் நீலம், பழுப்பு, சாம்பல் திட்டுகள். பித்தளைப் பிடிச்சட்டத்தின் மேல் வெள்ளி முலாம். நகலில் பேரலும் சிலிண்டரும் வெறும் கருப்பு, முலாம் இல்லாத மஞ்சள் பித்தளை, பிடியில் செக்கச்செவேலென்று ஒரு வார்னிஷ்.

வார்னிஷை நானே உரித்து, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து முடித்துவிட்டேன். அது வார இறுதி வேலை. உலோக வேலைக்குத்தான் ஆள் தேடினேன். பக்கத்து மாநிலத்தில், வீட்டு கராஜில் பட்டறை வைத்து இதைச் செய்யும் ஒருவர் அகப்பட்டார். காட்டிய படங்கள் அருமை. பேசியதும் விஷயம் தெரிந்தவர் போலத்தான். 450 டாலர்; பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். என்னென்ன செய்வார் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன்: பேரலுக்கும் சிலிண்டருக்கும் ரஸ்ட் புளூயிங் (துருவை வைத்து நிறமேற்றும் முறை), ஃபிரேமுக்கும் ஹேமருக்கும் எலும்புக்கரி போட்டுக் கேஸ் ஹார்டனிங், பித்தளைக்கு வெள்ளி முலாம், சிலிண்டரில் உள்ள செதுக்கலில் கை வைக்கக் கூடாது.

அந்தச் செதுக்கலைப் பற்றி இரண்டு வார்த்தை. 1843 மே மாதம் மெக்சிகோவின் கம்பெச்சே அருகே டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிகோக் கப்பல்களோடு மோதிய காட்சி அது. வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் கோல்ட்டுக்காகச் செய்தது. இந்த ரிவால்வருக்கு நேவி என்று பேர் நிலைத்ததே அதனால்தான். சிலிண்டர் மேல் உருளை அச்சால் அழுத்திப் பதிப்பதால் ஆழம் மிகக் குறைவு. பஃபிங் சக்கரத்தில் கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் போயே போச்சு.

போயே போச்சு. பெட்டியைத் திறந்தபோது சிலிண்டரில் பாதிக் கப்பல்கள் இல்லை. மீதி, மழையில் நனைந்த பத்திரிகைப் படம் போல. எட்டுப் பட்டைப் பேரலின் விளிம்புகள் எல்லாம் மழுங்கி உருண்டிருந்தன. திருகுத் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்திருந்தது. கருமருந்து மட்டுமே போட வேண்டும் என்ற எச்சரிக்கை எழுத்தும் இத்தாலிய சோதனை முத்திரைகளும் தடவிப் பார்த்தால்தான் தெரிந்தன. அசல் போலத் தெரிய அந்த எழுத்துகளை வேண்டுமென்றே எடுக்கிறவர்கள் உண்டு, நான் கேட்கவில்லை. நாளைக்கு இது வேறொருவர் கைக்குப் போனால், கருமருந்து மட்டும்தான் போட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது புளூயிங். ரஸ்ட் புளூயிங் என்பது பொறுமை வேலை. எஃகில் மெல்லிய துருவை வரவைத்து, கொதிநீரில் போட்டு அந்தச் செந்துருவைக் கருப்பாக மாற்றி, மென்மையான கம்பி பிரஷால் தேய்த்து, திரும்பத் திரும்ப இதையே செய்ய வேண்டும். நிறம் ஒவ்வொரு சுற்றிலும் ஆழமாகும், லேசில் போகாது. எனக்கு வந்தது பாட்டிலில் வாங்கித் துணியால் தடவும் திடீர் சரக்கு. உறையில் நாலைந்து தடவை போட்டு எடுத்ததற்கே விளிம்பெல்லாம் வெளுத்துவிட்டது. ஓரமாக வெளிச்சம் பட்டால் செம்பு நிறம் அடித்தது. வெள்ளி முலாம்? தேய்த்துப் பூசும் பொடி. முதல் சுத்தம் செய்தலிலேயே பித்தளை எட்டிப் பார்த்தது.

இதெல்லாம் அழகுச் சமாசாரம், போகட்டும். பழைய புளூயிங்கை எடுக்க அமிலம் போட்டவர் நிப்பிள்களை (தீப்பொறி தரும் கேப்பை மாட்டும் சிறு முனைகள்) கழற்றவே இல்லை, அமிலத்தைச் சரியாக முறிக்கவும் இல்லை. சாதாரண வினிகரிலேயே வந்துவிடும் வேலை அது. சிலிண்டரின் மருந்து அறைகளுக்குள் ஆரஞ்சுத் துரு, நிப்பிள் மரைகளில் அரிப்பு. இரண்டு நிப்பிள்கள் கழலவே மறுத்தன.

இன்னும் மோசமானதை உள்ளூர் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவர்தான் கண்டுபிடித்தார். ஃபிரேமிலும் ஹேமரிலும் இருந்த வண்ணத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. முறைப்படி செய்தால், பாகங்களை எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய மூடிய பாத்திரத்தில் வைத்துச் செக்கச்சிவக்கச் சூடாக்கி, காற்றுக் குமிழ் விடும் தண்ணீரில் கொட்டுவார்கள். வண்ணம் அதோடு வரும் உபரி. மேல்தோல் கடினமாவதுதான் முக்கியம். நம் கராஜ்காரர் எரிவாயு டார்ச்சைப் பிடித்து வாட்டியிருக்கிறார். எஃகு 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறம், 300 பக்கம் நீலம் காட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வண்ணத்துக்காக ஹேமரை வாட்டினால் ஏற்கெனவே இருக்கும் கடினம் இறங்கிவிடும். கன்ஸ்மித் ஹேமரைக் கழற்றி, ட்ரிகர் முனை போய் உட்காரும் வெட்டில் அரத்தை லேசாக இழுத்தார். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய அரம் கடித்தது. அந்த வெட்டு தேய்ந்தால், இழுத்து நிறுத்திய ஹேமர் விரல் படாமலே விழலாம். மருந்தும் குண்டும் கேப்பும் போட்ட துப்பாக்கியில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆளுக்குப் படங்களோடு எழுதினேன். பழைய தோற்றம் என்றால் அப்படித்தான் இருக்குமாம். ஹேமரைப் பற்றி ஒரு வார்த்தை பதில் இல்லை. மீதிப் பாதியை கிரெடிட் கார்டில் கொடுத்திருந்ததால் வங்கியில் தகராறு எழுப்பி அதை மீட்டேன். அந்த மின்னஞ்சல்தான் காப்பாற்றியது. முன்பணம் மணி ஆர்டராகத்தான் வேண்டும் என்று வாங்கியிருந்தார்; அது அவரோடேயே தங்கிவிட்டது.

இந்த மாதிரி ஆட்கள் பெருகக் காரணம் உண்டு. 1968 கூட்டரசுச் சட்டப்படி இந்த நகல்கள் பழங்காலத் துப்பாக்கி வகையில் வந்துவிடுகின்றன. சில மாநிலங்களின் சட்டம் வேறு. மற்றத் துப்பாக்கிகளைக் கையில் வாங்கி வேலை பார்க்கும் கடைக்காரருக்குக் கூட்டரசு உரிமம் வேண்டும். இந்த நகல்களை மட்டும் தொடும் இவருக்கு வேண்டாம். யார் வேண்டுமானாலும் நாளைக்கே தொழில் தொடங்கலாம். புகார் கொடுக்கப் போனால், ரத்து செய்ய அவரிடம் உரிமமே இல்லை.

கொடுப்பதாக இருந்தால், முடித்த வேலையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், பேரல் விளிம்பும் திருகுத் துளையும் தெரிய, படம் கேளுங்கள். கேஸ் ஹார்டனிங்குக்குச் சூளை இருக்கிறதா, வெளியே கொடுக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். ஹேமர், ட்ரிகர் இரண்டையும் அனுப்பவே வேண்டாம். கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் முழுவதும் கார்டில்தான் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கே பாதிப் பேர் பின்வாங்குவார்கள்.

புது ஹேமருக்கும் சிலிண்டருக்கும் ஆர்டர் போட்டிருக்கிறேன். கன்ஸ்மித் பொருத்திப் பார்த்து, சிலிண்டர் சுழன்று சரியான இடத்தில் நிற்கிறது என்று சொல்லும்வரை சுடுவதாக இல்லை. அந்த ஆள் இன்னும் புதுப்புதுப் படங்கள் போட்டு ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார். உற்றுப் பாருங்கள், ஒரு படத்திலும் சிலிண்டரை அருகில் காட்டுவதில்லை.