போட் எஞ்சின் செல்ஃப் எடுக்கவில்லையா? கழற்றிக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போட் எஞ்சினைக் கொடுத்து 41,500 ரூபாய் கட்டினோம். ஸ்டார்ட்டர் மோட்டார் 16,000, பேட்டரி 11,500, ரெக்டிஃபையர் (எஞ்சின் தரும் கரன்ட்டைப் பேட்டரியில் ஏறும்படி மாற்றும் பாகம்) 8,500, கூலி 5,500. உண்மையில் இருந்த கோளாறு, ஒரு எர்த்து கேபிளின் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) பூத்துப் போயிருந்தது. அவ்வளவுதான். மேச்சேரியில் டிராக்டருக்கும் லாரிக்கும் வயரிங் பார்க்கும் ஒருவர் 1,850 ரூபாயில் சரிசெய்து கொடுத்தார். கேபிள் விலையும் அதில் அடக்கம்.

ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதப் போவதில்லை, புகார் தனியாக நடந்துகொண்டிருக்கிறது. ஏமாற்றிய விதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். போட் இல்லாதவர்களும் படிக்கலாம். கார், ஜெனரேட்டர், டிராக்டர் எதுவானாலும் செல்ஃப் மோட்டார் சமாச்சாரம் ஒன்றுதான்.

போட் என் பெரியப்பா மகனுடையது. பண்ணவாடிப் பக்கம் அவருக்குத் தோட்டம். 14 அடி ஃபைபர் போட், 40 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், சாவி போட்டு எடுக்கிற வகை. கேரளாவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியுமே, அதைக் கிட்டப் போய்ப் பார்க்கவும், தண்ணீர் நிறைந்திருக்கும்போது பிள்ளைகளை ஒரு சுற்று கூட்டிப் போகவும்தான் அது. சம்பாதிக்கிற போட் இல்லை.

கோளாறு இப்படித்தான் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், எஞ்சின் சுற்றாது. விட்டுவிட்டுத் திருப்பினால் சில நேரம் சோம்பலாகச் சுற்றி எடுத்துக்கொள்ளும். மேல் மூடியைக் கழற்றி, ஃப்ளைவீல் காடியில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் உடனே பிடித்துவிடும். ஆடிப்பெருக்குக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அதற்குள் சரியாக வேண்டும் என்று அண்ணனுக்கு அவசரம். அவசரம் நியாயமானதுதான். ஆடிக் காற்றில் நடு அணையில் எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்க முடியாமல் போனால், காற்று தள்ளுகிற பக்கம்தான் கரை.

சேலத்தில் போட் என்றாலே ஏற்காடு ஏரியைத்தான் கை காட்டுவார்கள். போட்டின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு ஆள் தேடினால் லேசில் கிடைப்பதில்லை. விசாரித்ததில் ஜெனரேட்டர், பவர் டில்லர் எல்லாம் பார்க்கிற இந்த ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார்கள். ஒர்க்‌ஷாப்காரர் பண்ணவாடிக்கு வந்து பார்க்கவில்லை. “எஞ்சினையும் பேட்டரியையும் கழட்டிக் கொண்டாந்துடுங்க சார், தண்ணில வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பார்க்கிறவர் வண்டியில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வாரா? பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு வரும் கேபிள்கள், நடுவில் இருக்கும் கட் ஆஃப் சுவிட்ச், பின்சீட்டுக்கு அடியில் எர்த்து சேரும் போல்ட், எல்லாமே போட்டிலேயே நின்றுவிட்டன. கோளாறு இருந்ததும் அங்கேதான்.

ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி, அவருடைய பேட்டரியை அவருடைய கேபிளில் கொடுத்தார். சாவியைத் தொட்டதும் எடுத்துவிட்டது! நேர்மையான ஆளாக இருந்தால் அங்கேயே, “எஞ்சின் நல்லா இருக்கு, போட்டுக்குள்ள பாருங்க” என்று சொல்லி 500 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். இவர் சொன்னது: “எடுத்துச்சு சார், ஆனா ஸ்டார்ட்டர் கரன்ட் அதிகமா இழுக்குது. ஆர்மேச்சர் போயிடுச்சு. அதுதான் உங்க பேட்டரியையும் கொன்னுருக்கு.” ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுற்றும் பாகம். கரன்ட் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் காட்ட அவர் கையில் மீட்டரே இல்லை. காதால் கேட்டே சொல்லிவிட்டார்.

அதோடு விடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிக் காட்டினார். பழைய காரில் டைனமோ சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க இப்படிச் செய்வார்கள். வண்டி நின்றுவிட்டால் டைனமோ போச்சு என்று கணக்கு. எங்கள் எஞ்சினில் ஸ்பார்க் ஃப்ளைவீல் காந்தத்திலிருந்தே வருகிறது. பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். அதனால் அந்தச் சோதனைக்கு அங்கே அர்த்தமே கிடையாது. ஆனால் ஓடும்போது பேட்டரியைத் துண்டித்தால் வோல்ட் திடீரென்று எகிறி ரெக்டிஃபையரின் டயோடு போய்விடலாம். அன்றைக்கு “சார்ஜிங் ஓகே சார்” என்றவர், மறுநாள் போனில் “ரெக்டிஃபையரும் அடி வாங்கிருக்கு” என்றார். ஒருவேளை உண்மையிலேயே போயிருந்தால், அடித்தது யார் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கட்டி, எஞ்சினைக் கொண்டுவந்து, மாட்டி, சாவியைத் திருப்பினோம். ‘டிக்.’

போன் போட்டால், “அப்போ உங்க போட் வயரிங்லதான் சார் பிரச்சனை. முழுசா மாத்தணும், இருபத்தஞ்சு ஆகும்” என்கிறார். போட் வயரிங்கில் பிரச்சனை இருக்கலாம் என்பது 41,500 வாங்குவதற்கு முன்னால் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று அண்ணன் கேட்டார். போன் கட்டாகிவிட்டது.

அப்புறம்தான் மேச்சேரி எலக்ட்ரீஷியன். போட் எஞ்சினை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டார். “செல்ஃப் மோட்டார், சோலனாய்டு, பேட்டரி, கேபிள். டிராக்டர்ல இருக்கறதுதானே தம்பி” என்று மல்டிமீட்டரை எடுத்தார். சோலனாய்டு என்பது சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார், 12.6 வோல்ட். என்னைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். எஞ்சின் முனகியது, மீட்டர் 12.1. அதாவது பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, யாரும் வாங்கவில்லை. மீட்டரை ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட்டுக்கும் அதன் பாடிக்கும் மாற்றினார். 7.1. மீதி 5 வோல்ட் எங்கே? ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பாடியிலும் வைத்து மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். 4.8. அந்த இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலே எர்த்து சரியில்லை என்று அர்த்தமாம்.

பின்சீட்டைத் தூக்கி, அந்த போல்ட்டில் இருந்த கேபிள் முனையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. மேலே கருப்பு ஸ்லீவ் பளிச்சென்று புதுசு மாதிரி இருந்தது. பிளேடால் கீறினால் உள்ளே செம்புக் கம்பி பச்சையாகப் பூத்து, கையில் பொடியாகக் கொட்டியது. நாலைந்து இழைதான் உயிரோடு இருந்தது. கேபினில் லைட் எரிய அது போதும். நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிற ஸ்டார்ட்டருக்குப் போதாது. அதனால்தான் ‘டிக்’. லக்கோடு கேபிளை வெட்டி எறிந்துவிட்டு, தடித்த செம்புக் கேபிள் போட்டு, புது லக் அழுத்தி, போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, மேலே வாசலின் தடவினார். சாவியைத் திருப்பியதும் எடுத்தது. இன்றுவரை எடுக்கிறது.

போகிற போக்கில் ‘புது’ ஸ்டார்ட்டரையும் ஒரு பார்வை பார்த்தார். ஸ்க்ரூ தலைகளில் துரு அப்படியே இருக்க, அதன் மேலேயே கருப்பு பெயின்ட் அடித்திருக்கிறது. சாவியால் சுரண்டினால் பழைய சாம்பல் நிறம். அது எங்கள் ஸ்டார்ட்டரேதான். பேட்டரியில் ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர், டெர்மினல் கம்பத்தில் இடுக்கிப் பல் பதிந்த தழும்பு. வாரண்டி அட்டையில் சீல் இல்லை. நாங்கள் கொடுத்த நல்ல பேட்டரி இப்போது யார் வண்டியில் ஓடுகிறதோ. பழைய ஸ்டார்ட்டரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, “காயலான் கடைக்குப் போட்டாச்சு சார்” என்று பதில் வந்தது.

செல்ஃப் எடுக்காத எஞ்சினை யாரிடமும் கொண்டுபோகும் முன் நீங்களே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லையென்றால் முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். கியரில் இருந்தால் ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் போகாதபடி ஒரு சுவிட்ச் இருக்கும். அடுத்து மெயின் ஃபியூஸ். ‘டிக்’ மட்டும் வந்தால் பேட்டரி, கேபிள் முனைகள், சோலனாய்டு, கடைசியாகத்தான் ஸ்டார்ட்டர். நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டிங் பக்கம் போகவே வேண்டாம். ஓட்டுபவர் கையில் மாட்டும் சிவப்புக் கயிற்றின் கிளிப் (கழன்றால் எஞ்சின் நின்றுவிடும்) கழன்றிருக்கிறதா, பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா, பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்ப் அமுக்கினால் கெட்டியாகிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலும் காரணமாக இருக்கலாம். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பேட்டரி செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்த பேட்டரி 12.6 காட்டினால் முழுசாக இருக்கிறது, 12.2 பாதி, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரி மேல் சந்தேகம் வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆக்சிலரேட்டரைப் பாதி ஏற்றிப் பார்த்து 13.5க்கு மேல் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. ரெக்டிஃபையருக்கு எவரும் பில் போட முடியாது. சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சோலனாய்டின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து எடுப்பது மெக்கானிக்குகள் சகஜமாகச் செய்கிற வேலை. போட்டில் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமாக அடியில் தங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

சாமான் மாற்றச் சம்மதிக்கும்போதே பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள். கொடுக்கும் முன் பேட்டரியில் அடித்திருக்கும் எண்ணையும் ஸ்டார்ட்டரையும் போட்டோ எடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. நல்லவேளையாக அதில் ‘நியூ ஸ்டார்ட்டர்’ என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறார், பணம் கூகுள் பேயில் போயிருக்கிறது, வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

புகார் போனது தெரிந்ததும், 10,000 தருகிறேன், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று பொதுவான ஒருவர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முழுப் பணத்துக்கும் பேசட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.