ஸ்பேயரா, வியன்னாவா? ஒரு பேரரசின் இரண்டு நீதி வாசல்கள்

பல ஜெர்மன் சிற்றரசுகளைச் சேர்த்து நின்ற புனித ரோமப் பேரரசில் சாதாரணக் குடிகூடத் தன் சிற்றரசன் மீது வழக்குப் போட முடிந்தது. போய்த் தட்ட இரண்டு வாசல்கள். 1495-இல் வோர்ம்ஸ் பேரவையில் பிறந்து, பின்னர் ஸ்பேயர் நகரில் அமர்ந்த பேரரசு நீதிமன்றம் ஒன்று. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் முதலாம் மாக்சிமிலியன் தன் அரண்மனையிலேயே அமைத்து, பின்னாளில் வியன்னாவில் இயங்கிய அரசவை மன்றம், ரைஷ்ஸ்ஹோஃப்ராட், மற்றொன்று. பெரும்பாலான வழக்குகளை எது முதலில் எடுக்கிறதோ, அதுவே விசாரிக்கும்.

ஏட்டளவில் முதலாவதே மேல். அதன் நீதிபதிகளில் பெரும்பாலோரை முன்மொழிந்தவை சிற்றரசுகளும், அவற்றைச் சேர்த்து வகுத்த பேரரசின் வட்டாரங்களும். முப்பதாண்டுப் போரை முடித்த 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை 26 கத்தோலிக்கர், 24 புராட்டஸ்டன்டுகள் என 50 இடங்களை வகுத்தது. ஆனால் சம்பளத்துக்கான வரியைச் சிற்றரசுகள் ஒழுங்காகக் கட்டவில்லை. இடங்கள் நிரம்பவே இல்லை. 1689-இல் பிரெஞ்சுப் படை ஸ்பேயரை எரித்தபின் மன்றம் வெட்ஸ்லாருக்குப் போனது. வழக்குகள் தலைமுறை தாண்டித் தேங்கின.

அரசவை மன்றத்தில் எல்லாரும் பேரரசர் நியமித்தவர்கள். அவர் இறந்தால் மன்றமும் கலையும். பெரிய வழக்குகளில் மன்றம் கருத்துச் சொல்லும், முடிவை அவரே எடுப்பார். இதன் ஆபத்தை 1607-இல் டோனவ்வெர்ட் நகரம் அனுபவித்தது. கத்தோலிக்க ஊர்வலத் தகராறில் அந்தப் புராட்டஸ்டன்ட் நகரம் சட்டக் காப்பிலிருந்து விலக்கப்பட்டது. முறைப்படி அந்த வட்டாரத்தின் தலைவரான வூர்ட்டம்பெர்க் கோமகனிடம் போயிருக்க வேண்டிய தண்டனைப் பொறுப்பு, கத்தோலிக்கரான பவேரியாவின் மாக்சிமிலியனிடம் தரப்பட்டது. நகரம் அவர் கைக்குப் போனது. அநீதி என்பதைத் தவிர இதற்கு வேறு பெயரில்லை.

இருந்தும், பதினெட்டாம் நூற்றாண்டில் எளியவன் நான் என்றால் வியன்னாவுக்கே போயிருப்பேன். அங்கே உத்தரவுக்குப் பின்னால் பேரரசரின் கை இருந்தது. குடிகளோடு மோதிய மெக்லன்பர்க் கோமகன் கார்ல் லியோபோல்ட் 1728-இல் ஆட்சியிலிருந்து விலக்கப்பட்டார். வூர்ட்டம்பெர்க் பிரதிநிதிகளின் சட்ட ஆலோசகர் யோஹான் யாகோப் மோசரைக் கோமகன் 1759-இல் விசாரணையின்றி ஹோஹென்ட்வீல் கோட்டையில் அடைத்தார். ஐந்து ஆண்டு கழித்து அவரை வெளியே கொண்டுவந்தது இந்த மன்றத்தின் உத்தரவுதான். 1770-இல் அந்தக் கோமகன் தன் நாட்டுப் பிரதிநிதிகளின் பழைய உரிமைகளை ஏற்றுக் கையொப்பமிட நேர்ந்தது.

எதிராளி பேரரசரின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு வேண்டியவர் என்றால், தாமதமானாலும் வெட்ஸ்லார்தான். ஹாப்ஸ்பர்க் சொந்த நாட்டுக் குடிகளுக்கோ, தனிச் சலுகைகளால் இரண்டு வாசலும் மூடியே கிடந்தன.