பைக் இன்ஜின் ஆயில்: மூணு வகையும் ஊத்தி ஓட்டின அனுபவம்

எந்த ஆயில் ஊத்தலாம்னு யார் கேட்டாலும் எல்லாரும் உடனே ஒரு பிராண்டு பேரைத்தான் சொல்றாங்க. நான் ஒரே கியர் பைக்கை ரொம்ப வருஷமா ஓட்டறேன், மினரல் (கச்சா எண்ணெயை சுத்திகரிச்சு எடுக்கறது), செமி சிந்தெடிக் (மினரலும் சிந்தெடிக்கும் கலந்தது), ஃபுல் சிந்தெடிக் (ரசாயன முறையில தயாரிக்கறது) மூணும் ஊத்திப் பார்த்தாச்சு, கேன் முன்பக்கம் இருக்கற பேரை விட பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கறதுதான் வண்டியை காப்பாத்துது.

முதல்ல கிரேடு, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டிங்கற கணக்கு. 10டபிள்யூ-30னு போட்டிருந்தா அந்த 10 குளிர்ல ஸ்டார்ட் பண்றப்போ ஆயில் எவ்வளவு லேசா ஓடும்ங்கறதுக்கு, பின்னாடி இருக்கற 30 இன்ஜின் சூடானப்புறம் எவ்வளவு கெட்டியா நிக்கும்ங்கறதுக்கு, அதை 100 டிகிரி செல்சியஸ்ல அளக்கறாங்க. வெயில் அதிகம்னு சொல்லி 10டபிள்யூ-30 கேக்கற வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊத்தறவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு இதுல உடன்பாடே இல்ல. ஆயில் கெட்டியா இருந்தா முதல் ஸ்டார்ட்ல இன்ஜினோட மேல்பாகமான ஹெட் வரைக்கும் ஏற லேட் ஆகும், மைலேஜும் அடி வாங்கும். வெளி டெம்பரேச்சருக்கு எந்த கிரேடுன்னு நிறைய மேனுவல்ல சார்ட்டே இருக்கு, மாத்தணும்னா அதுக்குள்ள மாத்துங்க.

கியர் பைக்காரங்க கண்டிப்பா பார்க்க வேண்டியது ஜாசோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2, அதாவது ஆயில்ல நனையற கிளட்ச்சுக்கு ஒத்துக்கும்னு சொல்ற ஜப்பான் தரக்குறியீடு. பெரும்பாலான பைக்ல இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில்தான். கார் ஆயில்ல உராய்வை குறைக்கறதுக்கு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் சேர்ப்பாங்க, ஆனா கிளட்ச் பிளேட்டுக்கு உராய்வு இருந்தாதானே பிடிக்கும். நண்பர் ஒருத்தர் வண்டியில அவசரத்துக்கு கார் ஆயில் ஊத்திட்டாங்க, நானே ஓட்டிப் பார்த்தேன், மேடு ஏறறப்போ ஆக்சிலரேட்டரை முறுக்கினா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. நல்லவேளை பிளேட் கருகறதுக்குள்ள வடிச்சுட்டு எம்ஏ2 ஊத்தினோம், கொஞ்ச தூரம் ஓட்டினதும் பிடிப்பு திரும்ப வந்துடுச்சு. ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) வட்ட முத்திரையோட கீழ்ப்பாதியில ரிசோர்ஸ் கன்சர்விங்னு, அதாவது உராய்வை குறைச்சு எரிபொருள் மிச்சம் பண்ற வகைன்னு இருந்தா அந்த கேனை அப்படியே வச்சுடுங்க. கியர் இல்லாத ஸ்கூட்டர்ல கிளட்ச் தனியா ஆயில் படாம இருக்கும், அதனால அதுக்குன்னு உராய்வு கம்மியான ஜாசோ எம்பி ஆயில் வருது.

ஏபிஐ தரக்குறியீடு எஸ் எழுத்துல ஆரம்பிச்சா பெட்ரோல் இன்ஜினுக்கு, சி எழுத்துல ஆரம்பிச்சா டீசல் இன்ஜினுக்கு. எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பின்னு போகப் போக புதுசு, எஸ்பி 2020ல வந்தது. மேனுவல் கேக்கறதுக்கு கீழ இறங்காம இருந்தா போதும்.

இப்போ ஓட்டறப்போ தெரிஞ்ச வித்தியாசம். மினரல் ஊத்தின புதுசுல கியர் வெண்ணெய் மாதிரி விழும், சர்வீஸ் இடைவெளி பாதி தாண்டினதும் மெல்ல ஹார்டாகும், சிக்னல்ல நிக்கறப்போ நியூட்ரல் கிடைக்காம காலாலயே தேடணும். கியர் பல்லுக்கு நடுவுல மாட்டி ஆயிலோட கெட்டித்தன்மையை காப்பாத்தற பாலிமர் வெட்டுப்பட்டு நீர்த்துப் போறதுதான் இதுக்கு பெரிய காரணம். ஃபுல் சிந்தெடிக்ல அந்த ஸ்மூத்னஸ் கடைசி வரைக்கும் நின்னுச்சு, நீண்ட தூரம் விரட்டி ஓட்டினாலும் இன்ஜின் சத்தம் அவ்வளவா மாறல, ஆனா மைலேஜ் கூடும்னு சொல்றாங்களே அது என் வண்டியில சுத்தமா தெரியல. தினமும் ஆபீஸ் போய் வர்ற ஓட்டத்துக்கு செமி சிந்தெடிக்கே தாராளம், நான் இப்போ அதுலதான் நிக்கிறேன்.

ஆயில் கருப்பாயிடுச்சுன்னு பயப்படாதீங்க, அழுக்கை கரைச்சு தனக்குள்ள வச்சிருக்கறதுதான் அதோட வேலை. பால் கலந்த மாதிரி வெளுத்துத் தெரிஞ்சா மட்டும் உடனே மெக்கானிக்கிட்ட போங்க, உள்ள தண்ணி சேர்ந்திருக்கு. கொஞ்ச தூரம் மட்டுமே ஓட்டி நிறுத்தறவங்க வண்டியில இன்ஜின் சரியா சூடாகாம ஈரமும் பெட்ரோலும் ஆயில்ல தங்கிடும், அவங்க கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்க்காம மாசக் கணக்கையும் பார்த்து மாத்தணும்.

மாத்தறப்போ பக்கத்துல நில்லுங்க. இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கறப்போ வடிச்சாதான் அடியில தங்கினது முழுசா வரும், டிரெயின் போல்ட்டுக்கு புது வாஷர் போடச் சொல்லுங்க, ஊத்தி கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினப்புறம் வண்டியை நேரா நிக்க வச்சு லெவல் பாருங்க, சைடு ஸ்டாண்டுல பார்த்தா தப்பாதான் காட்டும்.