வத்தல்மலையில் ராத் தங்கலா, மத்தியானச் சாப்பாடா?

தர்மபுரியில் யாரிடமாவது பக்கத்திலிருக்கும் வத்தல்மலைச் சுற்றுலா பற்றிப் பேச்செடுத்தால், அடுத்த வார்த்தை ஹோம்ஸ்டே என்றுதான் வரும். குளிர், காப்பித் தோட்டம், மலையாளிப் பழங்குடியினர் (கேரளக்காரர் இல்லை, தமிழ் பேசும் மலைவாசிகள்) வீட்டில் ஓர் இரவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் கொஞ்ச நாள் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். ஆனால் ஊர்க்காரர் கையில் காசு நிற்க வேண்டும் என்றால், முதலில் வர வேண்டியது ராத்திரிப் படுக்கை இல்லை, மத்தியானச் சாப்பாடு என்று இப்போது நினைக்கிறேன்.

ஒகேனக்கல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். சமூகச் சுற்றுலா என்று யாரும் பெயர் வைக்காத காலத்திலிருந்தே அங்கே உள்ளூர் ஆட்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பரிசல் ஓட்டுகிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மீன் வறுக்கிறவர். எனக்குப் பிடித்தது சமைத்துத் தரும் பெண்கள். நாம் மீனை வாங்கிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது குழம்பும் சோறும் தயாராக இருக்கும். சமையல் கூலியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். நடுவில் ஏஜெண்ட் இல்லை, கமிஷன் இல்லை.

குறை என்னவென்றால், எல்லார் பிழைப்பும் ஒரே ஆற்றில் தொங்குகிறது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. 2024 ஆடிப்பெருக்கு நேரத்தில் வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி ஓடியது. வருஷத்தில் நாலு காசு கூடப் பார்க்க வேண்டிய நாளில் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. பரிசல் நின்றால் மீன் வறுவல் நிற்கும், எண்ணெய்க் குளியலும் நிற்கும்.

அடுத்தது வனத்துறை வழி. தமிழ்நாட்டில் இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் கோவை மாவட்டம் காரமடைக்கு மேலே இருக்கும் பரளிக்காடு. பில்லூர் அணை நீர்த்தேக்கத்தில் பரிசல், பழங்குடிப் பெண்கள் சமைக்கும் மதியச் சாப்பாடு, சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். முன்பதிவு கட்டாயம். அதனால் எத்தனை பேர் வருவார்கள் என்று முதல் நாளே தெரியும், காடும் தாங்கும். ஆனால் பதிவு துறையின் கையில். நல்ல அதிகாரி இருக்கும்வரை நன்றாக நடக்கும், மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவரின் மனசைப் பொறுத்தது. வத்தல்மலையில் இந்த வழி அப்படியே பொருந்தாது. அங்கே பெரியூர், பால்சிலம்பு மாதிரி ஊர்களில் ஜனங்கள் தங்கள் நிலத்தில் சாமையும் ராகியும் விதைக்கிறார்கள், காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார்கள். சொந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட இன்னொருவர் எதற்கு டிக்கெட் கிழிக்க வேண்டும்?

ரிசார்ட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் ஒரு தடவை பெரிய தொகை வரும். அப்புறம் நிலத்துக்காரரே அங்கே வாட்ச்மேன்.

சரி, ஹோம்ஸ்டே. இதற்குக் கேரளத்தின் கும்பளங்கியைக் காட்டுவார்கள். 2003-லேயே மாதிரிச் சுற்றுலாக் கிராமமாகத் தொடங்கிய ஊர். ஆனால் கும்பளங்கிக்குப் பக்கத்தில் கொச்சி இருக்கிறது. ஊர் ஊராய்ச் சுற்ற வந்த ஆட்கள் ஏற்கெனவே அங்கே இறங்கியிருக்கிறார்கள், அவர்களைக் கூட்டி வந்தால் போதும். நம் மலைக்கு யார் வருகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு, ஓசூர், சேலத்திலிருந்து பைக்கிலும் காரிலும் வந்து, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறவர்கள்தான் பெரும்பாலும்.

வீட்டுப் பக்கமும் யோசிக்க வேண்டும். விருந்தாளியைத் தங்க வைக்கத் தனி அறை வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், கோடையிலும் தண்ணீர் வர வேண்டும். இத்தனையும் ஊரில் யாரிடம் இருக்கும்? ஏற்கெனவே மாடி கட்டினவரிடம். ஆக வருமானம் ரெண்டு வீட்டுக்கு, ராத்திரிச் சத்தம் மொத்த ஊருக்கும். லடாக்கில் பனிச்சிறுத்தை இருக்கும் பள்ளத்தாக்குகளில் வீட்டுக்கு வீடு முறை வைத்து விருந்தாளிகளை அனுப்பி இதைச் சமாளித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முறை வைக்க, தங்கவைக்கத் தோதான வீடுகள் பத்தாவது இருக்க வேண்டுமே. கடன் வாங்கி அறை கட்டி, மழை மாதத்தில் ஆள் வராமல் வட்டி கட்டுவது யார்?

கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் இன்னொரு சிக்கல், இதைவிடப் பெரியது. பெட்டமுகிலாளம் வத்தல்மலையை விட அழகு என்று சொன்னாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். கன்னடத்தில் பெட்டா என்றாலே மலை, பேரிலேயே முகிலும் இருக்கிறது. ஆனால் தேன்கனிக்கோட்டை வட்டாரம் யானையின் பாதை. அக்டோபருக்கு மேல் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகத் தளி, ஜவளகிரி வழியே இறங்கும். ராகி முற்றும் நேரமும் அதுதான். டூரிஸ்டுக்குப் பிடித்த பனிக்காலமும் அதேதான். ராகிக் காட்டில் பரண் போட்டு, டார்ச்சும் பட்டாசுமாக விடிய விடிய முழித்திருக்கும் வீட்டில் போய், "நைட் கேம்ப்ஃபயர் உண்டா?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? அந்தப் பக்கம் ராத் தங்க வேண்டுமென்றால் அய்யூர் மாதிரி வனத்துறை இடங்களோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. வனத்துறை வழி எனக்குச் சரியென்று படுவது இங்கேதான்.

இப்போது மத்தியானச் சாப்பாடு. போன தை மாதம் வத்தல்மலையில் ஒரு வீட்டில் சாப்பிட்டேன். அந்த அக்கா பானையைக் காலால் அணைத்துக்கொண்டு களி கிண்டிய வேகத்தைப் பார்த்தே எனக்கு மூச்சு வாங்கியது. கையைத் தண்ணீரில் நனைத்து உருண்டை பிடித்து, நடுவில் குழி வைத்து, கொள்ளுக் கடைசலை அதில் ஊற்றினார். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். "சொல்லிட்டு வந்திருந்தா கோழி அடிச்சிருப்பேன், காசு கேட்டிருப்பேன். சொல்லாம வந்தா எங்க வீட்டுச் சோத்துக்கு என்னத்தக் கேக்கறது?" என்றார்.

என் மொத்த வாதமும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. முந்தின நாளே சொன்னால் அது தொழில், சொல்லாமல் போனால் அவர் வீட்டுச் செலவு. ஒரு கணக்குப் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர், தலைக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,500. ராகி சொந்தக் காடு, கோழி சொந்த முற்றம், கீரை வேலியோரம். மகளிர் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து சமைத்தால், செலவு போக ஆளுக்கு நாள் கூலியை விட மேலாகவே நிற்கும். புதிதாக ஒரு செங்கல் வைக்க வேண்டாம். ஆள் வராத வாரம் நஷ்டமும் இல்லை, கோழி முற்றத்திலேயே மேயும். சாப்பிட்டு முடித்தவருக்கு அந்த மலைக் காப்பியை வறுத்து அரைத்துக் கால் கிலோ பொட்டலமாகக் கொடுத்தால், வியாபாரிக்குக் கொட்டையாகப் போடுவதை விட நல்ல விலை.

இதிலும் ஓட்டை உண்டு. பகல் கூட்டம் கட்டுப்பாடில்லாமல் போனால் ஒகேனக்கல் நெரிசல் மலை ஏறிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் இப்போதே பீர் பாட்டில் உடைந்து கிடக்கிறது. வருகிறவர்களுக்குக் கழிப்பறை ஒன்றாவது பொதுவில் வேண்டும், அதை ஊராட்சிதான் கட்ட வேண்டும். பரளிக்காட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முன்பதிவையும் ஆள் கணக்கையும் மட்டும்தான், ஆனால் அந்தப் பதிவு நோட்டு மகளிர் குழுவிடம் இருக்க வேண்டும். ரெண்டு மூன்று வருஷம் இப்படி ஓடி, குழுவிடம் கொஞ்சம் பணம் சேர்ந்த பிறகு, பொதுவில் நாலு அறை கட்டுவதா வேண்டாமா என்று அவர்களே உட்கார்ந்து பேசட்டும்.

கிளம்பும்போது அந்த அக்காவிடம் நம்பர் கேட்டேன். வீட்டுக்குள் டவர் கிடைக்காதாம், பலா மரத்தடியில் நின்றால்தான் ரெண்டு கோடு வருமாம். சாயங்காலம் மாடு ஓட்டி வரும்போது அங்கேதான் நிற்பேன், ஆறு மணிக்குப் போடுங்கள் என்றார்.