அமெரிக்காவா ரஷ்யாவா: திருப்பூர்க் கணக்கு

"நமக்கு யாருங்க தோஸ்து?" என்று அவிநாசி ரோட்டு டீக்கடையில் கேட்டால், பதில் ஆளின் வயதைப் பொறுத்தது.

பெரியவர்களுக்கு ரஷ்யாதான். 1971 ஆகஸ்டில் சோவியத்துடன் நட்பு ஒப்பந்தம். அதே டிசம்பரில் வங்கதேசப் போர் நடக்கையில் அமெரிக்கா எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பியது, ஐ.நா.வில் சோவியத் நமக்காக வீட்டோ போட்டது. கூடங்குளம் அணு உலையும் அவர்கள் கொடுத்ததே.

சரி, பனியனை வாங்குவது யார்? அங்கே அமெரிக்காவை விட்டால் ஆளில்லை என்றே இளவட்டங்கள் சொல்வார்கள். 2025 ஆகஸ்ட் வரை நானும் அப்படித்தான் சொன்னேன். முதலில் நம் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 25 சதவீத வரி. அப்புறம் ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று இன்னொரு 25. ஒருவரோடு பழகியதற்கு மற்றவர் போட்ட அபராதம்! சித்தப்பா கம்பெனியில் பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டிகள் கூரை வரை நின்றன. ஒவ்வொரு பீஸிலும் அந்த ஊர்க் கடையின் டேக்கும் டாலர் விலையும் ஏறியிருந்ததால் வேறு யாருக்கும் தள்ளவும் வழியில்லை. வரியில் பாதியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் பையர்.

அதற்காக அமெரிக்காவைப் பகை என்பேனா? மாட்டேன். பங்காளி மாதிரி, வரப்புச் சண்டையும் உண்டு, கொடுக்கல் வாங்கலும் உண்டு. ரஷ்யாவும் 1971-இல் இருந்த ரஷ்யா இல்லை. இன்று சீனாவோடு நெருக்கம்.

சித்தப்பா இந்தப் பட்டிமன்றத்துக்கே வருவதில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து லண்டன் பையர்களுக்கு சாம்பிள் தைத்துக்கொண்டிருக்கிறார்.