டிடிஎஸ் பேனா போதாது: இராமநாதபுரம் கடற்கரைக் கிணறுகளில் ஓர் ஈசி மீட்டர்

மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரில் போய் இறங்கினாலும் என் பையிலிருந்து முதலில் வெளியே வருவது ஈசி மீட்டர்தான். தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கைக்கருவி. பல்கலைக்கழகத்தில் நீர்வளப் பாடம் நடத்துகிறேன். நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறுவது என் ஆய்வு. இந்த வகைக் கருவிகளுக்கு இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் எழுதியவை. உவர்த் தண்ணீரோடு காலம் தள்ளுகிற ஊர்களில் இது எப்படி உழைக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். அதனால் மழைக்கு முன்னும் பின்னும் மாணவர்களோடு கிணறு கிணறாகப் பயன்படுத்திப் பார்த்ததை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை (டிடிஎஸ்) காட்டுவதாகச் சொல்லிச் சில நூறு ரூபாய்க்கு விற்கிற டிடிஎஸ் பேனாவை மட்டும் நம்பி இந்தக் கடற்கரையில் கிணறு பார்க்கக் கிளம்ப வேண்டாம்.

காரணம் இதுதான். எந்தப் பேனாவும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறனை அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. சில தயாரிப்புகள் 0.5 என்ற காரணியையும் சில 0.7 என்ற காரணியையும் எடுத்துக்கொள்கின்றன. மின்கடத்துதிறன் 3200 மைக்ரோசீமன்ஸ் (அதன் அலகு) என்று காட்டுகிற ஒரு கிணற்றுத் தண்ணீரை வைத்துப் பாருங்கள். முதல் பேனா 1600 என்னும், இரண்டாவது பேனா 2240 என்னும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500, டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. ஆக, ஒரே வாளித் தண்ணீர் ஒரு பேனாவில் தேறிவிடுகிறது, இன்னொன்றில் தேறாமல் போகிறது. உள்ளே எந்தக் காரணி இருக்கிறது என்பதைப் பல பெட்டிகளில் அச்சிடுவதுகூட இல்லை. என் கையில் இருக்கும் மீட்டர் மின்கடத்துதிறனை அப்படியே காட்டுகிறது. காரணியை நாமே தேர்ந்தெடுக்கலாம். இந்த ஒன்றுக்காகவே விலை வித்தியாசத்தைக் கொடுக்கலாம்.

அடுத்தது வெப்பநிலை. தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். வெயிலில் வைத்த வாளி 35 டிகிரிக்குப் போய்விட்டால், 25 டிகிரியில் காட்ட வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். உப்பு ஏறவில்லை, சூடுதான் ஏறியிருக்கிறது. இந்தக் கருவி தானாகவே 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டுகிறது. தண்ணீரில் மூழ்கும் அளவு முனை தண்ணீரின் வெப்பத்துக்கு வரும்வரை அரை நிமிடம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறித்துக்கொள்ளத் துடிக்கிற மாணவர்களை அந்த அரை நிமிடம் நிறுத்தி வைப்பதுதான் என் வேலையில் பாதி.

கடலோர மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கும் இடத்தில் இந்தக் கருவி உழைத்ததைச் சொல்ல வேண்டும். கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிற காலம். முழங்கை ஆழக் குழியில் ஓர் அப்பத்தா குனிந்து, சிரட்டையால் கலங்கலை வழித்து வெளியே ஊற்றிவிட்டு, தெளிந்து ஊறுகிற தண்ணீருக்காகக் காத்திருந்தார். குழியில் விரற்கடை அளவுதான் தண்ணீர் நின்றது. மீட்டரை அதில் விட்டால் முனை மணலில் குத்தும். எண் தாறுமாறாக ஆடும். அவரே சிரட்டையில் மொண்டு நீட்டினார். முனையின் இரண்டு ஊசிகளும் அதில் சரியாக மூழ்கின. மெல்லத் தட்டிக் காற்றுக் குமிழியைப் போக்கிய பிறகு எண் மூன்று இலக்கத்தில் வந்து நின்றது. கடலலை காதில் விழுகிற தூரத்தில், நல்ல தண்ணீர். “அடுத்த குழியை எந்தப் பக்கம் வெட்டலாம் டீச்சரம்மா?” என்று கேட்டார். கடல் பக்கச் சரிவில் முன்பே யாரோ வெட்டிப் போட்டிருந்த குழியில் அளந்தோம். நான்கு இலக்கம் காட்டியது. மேட்டின் நெற்றிப் பக்கமாகவே வெட்டச் சொன்னேன். ஆய்வகத்துக்குத் தண்ணீரை அனுப்பிக் காத்திருந்தால் இந்தக் கேள்விக்கு விடை வருவதற்குள் அவர் வேறு எங்கோ தோண்டியிருப்பார். அப்போதே, அங்கேயே சொல்ல முடிந்தது என்பதற்காக இந்தக் கருவியின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

வகுப்பில் கைபென்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பை நடத்துவேன். மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீரின் அடர்த்தி 1. அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டால் பயம் வரும்: மேலே ஒரு மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து 40 மீட்டர் உப்பு ஏறி வரும். கரும்பலகையில் இதை எழுதிக்கொண்டு தலையாட்டுவார்கள், மனத்தில் தைக்காது. ஒரு தென்னந்தோப்பில் மோட்டாரை ஓடவிட்டு, வாய்க்காலில் விழுகிற தண்ணீரில் மீட்டரைப் பிடித்தபடி நிற்கச் சொன்னேன். நேரம் ஆக ஆக எண் ஏறியது. தோப்புக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே போய் மோட்டாரை நிறுத்தினார். அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். பாடம் நடத்துகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்.

இனி குறைகள். நண்பகல் வெயிலில் திரை தெரியவே தெரியாது. குடை நிழலில்தான் படிக்க வேண்டும். எண் பெரிதாகும்போது கருவி தானாகவே மைக்ரோசீமன்ஸிலிருந்து மில்லிசீமன்ஸுக்கு மாறிவிடுகிறது. மூலையில் ஒரு சின்ன எழுத்து மட்டுமே மாறும். கவனிக்காவிட்டால் 5200 என்று குறிக்க வேண்டிய கிணறு குறிப்பேட்டில் 5.2 என்று ஏறிவிடும். ஒவ்வொரு வரியிலும் அலகையும் சேர்த்து எழுத வேண்டும் என்று மாணவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அளவின் உச்சி 20 மில்லிசீமன்ஸ். கடல்நீரோ 50 வாக்கில் நிற்கும். ஆகவே கடலில் முக்கினால் திரையில் கோடுகள்தான் தெரியும். வாலிநோக்கத்து உப்பளப் பாத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆசைக்கு ஒரு முறை முக்கிப் பார்ப்பவர்கள் உடனே வடிநீரால் (காய்ச்சி வடித்த நீரால்) முனையைக் கழுவிவிடுங்கள். உப்பு காய்ந்து ஒட்டிக்கொண்டால் அடுத்த கிணற்றின் கணக்கும் கெட்டுவிடும்.

மாற்று முனையின் விலை என்னை மிகவும் வருத்தியது. கிட்டத்தட்ட புதுக் கருவியின் விலையைச் சொல்கிறார்கள். உப்புக் காற்றில் முனை தேய்வது இயல்பு. அதை மட்டும் மாற்ற வழியில்லாவிட்டால் எந்தக் கல்லூரியால் தாக்குப்பிடிக்க முடியும்? கருவியை அனுப்பிய கடை, அளவு சரிபார்க்கும் திரவப் பொட்டலத்தை ஓரம் கிழிந்த நிலையில் அனுப்பியிருந்தது. கேட்டதற்கு, அது இலவசமாகத் தந்தது என்று பதில் வந்தது. சரிபார்க்காத மீட்டர் பொம்மைக்குச் சமம் என்பது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருகிறவர்களில் சிலர், குழாய்த் தண்ணீர் ஒரு தம்ளரிலும் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு தம்ளரிலும் இரும்புக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுகிறார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிறது, பார்க்கிறவர்கள் அலறிவிடுகிறார்கள். உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து வந்தது, தண்ணீரிலிருந்து வந்ததல்ல. குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற மக்களிடம் போய் இப்படிப் பயம் காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதேபோல, மீட்டரில் எண் குறைந்திருப்பதால் மட்டுமே தண்ணீர் குடிக்கத் தகுந்ததாகிவிடாது. கிருமியை இது காட்டாது. ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் தனியே பிரித்துச் சொல்லாது. உப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அந்த உப்பு கடலிலிருந்து வந்ததா என்று அறிய ஆய்வகத்துக்குத் திரும்பி, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளோரைடை அளக்கிறோம். அடையாளத்துக்காகச் சேர்க்கும் குரோமேட்டின் மஞ்சள் செங்கல் நிறமாகிற அந்தச் சொட்டைப் பிடிக்க இன்னும் கண்ணும் கையும்தான் வேண்டியிருக்கிறது.

பஞ்சாயத்துகள், பள்ளி அறிவியல் ஆசிரியர்கள், இறால் பண்ணை அருகே கிணறு வைத்திருப்பவர்கள், தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதை வாங்கலாம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தைச் சோதிக்க மட்டும் என்றால் வேண்டாம். அதற்குப் பேனாவே போதும். வாங்கும்போது கடைக்காரரிடம் அளவு சரிபார்க்கும் 1413 மைக்ரோசீமன்ஸ் திரவத்தை மூடி திறக்காத குப்பியாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் துறையில் கேளுங்கள். உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராமை ஒரு லிட்டர் வடிநீர்க் கரைசலாக்கினால் அதே திரவம் கிடைத்துவிடும். கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் மாணவர்கள் செய்து கொடுக்கிறார்கள்; காலிக் குப்பி மட்டும் கொண்டுவந்தால் போதும்.