புதுப்பேட்டைக் கண்ணாடி: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

என் மாருதி 800-இன் முன் கண்ணாடியை 2021 ஆகஸ்டில் வீட்டு வாசலிலேயே மாற்றினேன். சென்னையில் பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கண்ணாடி. மூன்று ஐப்பசி மழை பார்த்துவிட்டது, வைத்த இடத்தில் அசையாமல் இருக்கிறது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, நான் தவறவிட்ட இரண்டு விஷயங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

செங்கல்பட்டு பக்கம் முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. மிளகளவு புள்ளிதானே என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் உச்சி வெயிலில் நின்ற வண்டியைக் கழுவ ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். கண்ணெதிரே கோடு ஓடி, ஓரம் வரை போய் நின்றது. சூடேறிய கண்ணாடி சட்டென்று குளிர்ந்தால் அடிபட்ட இடத்தில்தான் பிளக்கும். இன்சூரன்ஸ் மூன்றாம் நபருக்கு மட்டும் இருந்ததால் அதில் ஒன்றும் கிடைக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரப்பர் பீடிங்கில், அதாவது ஓரத்தைச் சுற்றிவரும் ரப்பர் பட்டையில், கண்ணாடி உட்காரும் 800, ஆம்னி, அம்பாசிடர் மாதிரி வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். இப்போது வரும் கார்களில் யூரித்தேன் பசையால் கண்ணாடியைப் பாடியோடு ஒட்டிவிடுகிறார்கள். வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பல வண்டிகளில் பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது அதில்தான் முட்டுக்கொடுத்து நிற்கும். அதை வீட்டில் தொடாதீர்கள்.

புதுப்பேட்டையில் லேமினேட்டட் (இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது) என்ற எழுத்தும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா, ஓரத்தில் எங்காவது சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஓரச் சில்லுதான் பின்னால் விரிசலாகும். பேரம் முடிந்து 1,200 ரூபாய். கடைக்காரர் கிளம்பும்போது, "தம்பி, படுக்கப் போடாதீங்க, நிமித்தி வச்சே கொண்டு போங்க" என்றார். லோடு ஆட்டோவில் பழைய மெத்தைக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, பிடித்துக்கொண்டே வந்தேன். பீடிங் மட்டும் புதிது. பழைய பீடிங் வெயிலில் விறைத்து வெடித்திருக்கும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பழைய கண்ணாடியை எடுப்பது எளிது. உள்ளேயிருந்து ரப்பரின் உதட்டை மரக்கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டே போய், மேல் மூலையில் உள்ளங்கையால் அழுத்தினால் வெளியே வந்துவிடும். வந்த பிறகுதான் உண்மையான வேலை தெரிந்தது. பீடிங் மறைத்து வைத்திருந்த தகட்டு விளிம்பு, கீழ் இரண்டு மூலையிலும் துருப்பிடித்து அப்பளம் மாதிரி உதிர்ந்தது. தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, பெயிண்ட் காய ஒன்றரை நாள் போனது. அந்த ஒன்றரை நாளைச் சுருக்காதீர்கள்.

மாட்டும்போது பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றிப் போட்டோம். பாடி விளிம்பு நுழையவேண்டிய பள்ளத்தில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரண்டு நுனியையும் கீழ் நடுவில் ஒரு சாண் ஒன்றன் மேல் ஒன்றாக வரும்படி விட்டோம். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவினோம். மச்சான் வெளியே நின்று உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்த, நான் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தேன். இழுக்க இழுக்க ரப்பர் உதடு ஒவ்வொரு விரற்கடையாகத் தகட்டின் மேல் ஏறி, சளக் சளக்கென்று உட்கார்ந்தது. கீழ் மூலையில் வந்ததும் கயிறு நின்றுவிட்டது. "மாமா, இழுக்காதீங்க, இன்னும் கொஞ்சம் சோப்பு" என்றான். அவன் சொன்னதுதான் சரி. அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்திருந்தால் 1,200 ரூபாய் போயிருக்கும்.

முதல் மழையிலேயே இடது கீழ் மூலையில் கசிந்து மிதியடி நனைந்தது. அவசரத்தில் ஹார்டுவேர் கடையின் சாதாரண சிலிக்கான் பசையைப் பிதுக்கிவிட்டேன், அதுதான் முதல் தவறு. வினிகர் வாடை அடிக்கும் அந்த வகை காயும்போது அமிலம் விடும், தகடு துருப்பிடிக்கும். கோடையில் மூலையைத் தூக்கிப் பார்த்தபோது நான் அடித்த பெயிண்டின் கீழே மறுபடி பழுப்பு. முழுக்கச் சுரண்டி எடுத்து, பெயிண்ட் அடித்து, கண்ணாடிக்கென்றே விற்கும் கறுப்பு சீலண்டை (கசிவு அடைக்கும் பசை) ரப்பர் உதட்டின் அடியில் விட்டேன். அதன் பிறகு ஒரு சொட்டு இல்லை.

இரண்டாவது தவறு இன்னும் என்னோடு இருக்கிறது. கடையில் தூசியோடு பார்த்து வாங்கியதால், முந்தைய வண்டியின் வைப்பர் போட்ட வில் போன்ற கீறல்கள் தெரியவில்லை. பகலில் இப்போதும் தெரியாது. இரவில், அதுவும் மழையில், எதிரே ஹைபீம் வந்தால் அந்த வில் முழுக்க வெளிச்சம் படர்ந்து சாலையோரம் நடப்பவர் மறைந்துபோகிறார். கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பொடி வைத்துத் தேய்த்ததில் மங்கல் குறைந்தது, நகம் தட்டும் கீறல் போகவில்லை. அதிகம் தேய்த்தால் பார்வை நெளியும் என்பதால் நிறுத்திவிட்டேன். பழைய கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலும் துணியும் கொண்டுபோங்கள். கழுவித் துடைத்து, வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பார்த்து, நகத்தை ஓட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

இப்போது வலது கீழ் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளுப்பு தெரிகிறது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் கண்ணாடியை விட்டுப் பிரிய ஆரம்பித்திருக்கிறது. பார்வையை மறைக்கவில்லை. மாதம் ஒருமுறை மார்க்கரால் அதன் எல்லையைக் குறித்து வருகிறேன், ஆறு மாதமாகக் கோட்டைத் தாண்டவில்லை.